டிரைவர் அண்ணனின் கொல்லையோரம்

மலையில் இரவு தங்கி, விடிந்ததும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கல்வராயன் மலை வளைவுகளில் என் உயிர் அவர் கையில். அப்படிப்பட்டவரிடம் குறை சொல்வதென்றால் சமதரைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது என் கொள்கை. சமதரை வந்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்பது அடுத்த கொள்கை.

குறை இதுதான். கச்சிராயபாளையம் தாண்டி, வடக்கனந்தலுக்கு முன்னால், ரோட்டோரமாகவே அவர் கொல்லை. கரும்பு போட்டிருந்தார். கிணறு தம்பியோடு பங்கு. காலை முறை இவருக்கு. நேரத்துக்கு இவர் மோட்டாரைப் போடாவிட்டால் தம்பி போட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே அண்ணன் தினமும் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார். மோட்டாரைப் போட்டு, மடை திருப்பி, நிதானமாகக் கால் கழுவிக்கொண்டு வருவார். பஸ் நிறைய ஜனம் காத்திருக்கும்.

மலையிலிருந்து தினமும் வரும் பெண் ஒருத்தி. கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை. ஒருநாள் டிக்கெட் வாங்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ண்ணா, இனிமே லேட்டா வந்தா வேற ஆள வெச்சிக்கறம்னுட்டாங்க. டிரைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சொல்றம்மா," என்றேன். சொன்ன கையோடு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மலை ஏறும்போதே ஒத்திகை பார்த்தேன். "தப்பா நெனச்சிக்காதீங்க" என்று ஆரம்பித்தால், அதன் பிறகு யாரும் சரியாக நினைத்ததாக எனக்கு அனுபவமில்லை. அதை அடித்துவிட்டேன். நலம் விசாரித்து, அப்படியே வழுக்கிக்கொண்டு விஷயத்துக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் மலை டீக்கடையில் வாயைத் திறந்தேன்.

"ண்ணே, கரும்பு எப்பிடிண்ணே இருக்கு?"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே தொலைந்தேன் என்று தெரிந்தது.

"இத்தினி நாளா யாருமே கேக்கலயேப்பா. எங்கூட்டுக்காரி கூட கேக்க மாட்டா." விதைக்கரணை நடுவதில் தொடங்கி, தோகை உரிப்பது வரை, பஸ்ஸை எடுக்கும் நேரம் வரும்வரை கரும்பே பேசினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பயந்தவனுக்குத் தலை நன்றாக ஆடும்.

அன்றைக்குக் கொல்லையோரம் பஸ் நின்றது. இறங்கியவர் திரும்பி, "வாப்பா, கரும்பு கேட்டியே, வந்து பாரு" என்றார்.

டிக்கெட் பையோடு நானும் இறங்கினேன். அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். நான் கொல்லை பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. அண்ணன் மடையில் குனிந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"ண்ணே, பஸ்ல ஒரு பொம்பளைக்கு நம்மளால வேல போயிடும் போல. தெனம் நாம இங்க நிக்கறதால."

அவர் குனிந்தபடியே கேட்டார்.

"இதுக்குத்தான் கரும்பு எப்பிடி இருக்குன்னியா?"

"ஆமாண்ணே."

"மலையிலயே சொல்லியிருந்தா நான் இன்னா உன்ன கடிச்சா வெச்சிருக்கப் போறேன்?"

கால் கழுவாமல் வந்து வண்டியை எடுத்தார். அப்படியும் நேரமாகிவிட்டது.

மறுநாள் மலையில் ஏறும்போதே அந்தப் பெண் சொன்னாள். "கடையில இன்னிக்கு ஒரு நாள் பாப்பமுன்னாங்க."

அண்ணன் காதில் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டியது. கொல்லை நெருங்க நெருங்க வண்டி தானாக வேகம் குறைந்தது, வீட்டுக்குப் பழகிய மாடு மாதிரி. போகலாம் என்று ரெண்டு விசில் கொடுக்க வேண்டும். உதட்டில் வைத்து ஊதினேன். வாய் காய்ந்து போய் வெறும் காற்றுதான் வந்தது.

அண்ணன் கியரை மாற்றினார். வண்டி நிற்காமல் போயிற்று. கிணற்றடியில் தம்பி நின்றிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தம்பி பக்கம் பாய்ந்தது. நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார்.

கள்ளக்குறிச்சியில் அந்தப் பெண் முதல் ஆளாக இறங்கி ஓடினாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஏது நேரம்.

பஸ் காலியானது. அண்ணன் டீ குடிக்க இறங்கவில்லை, ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கிளாஸ் டீயை வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"எறங்கிடுச்சா அந்தம்மா?"

"எறங்கிடுச்சிண்ணே. நேரத்துக்குப் போயிருக்கும்."

"ம்," என்றார். டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.