வாசம் தூக்குது என்று சொன்னவர்

அடுப்பில் பால் கருகிய அன்றுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கருகல் வாசம் துவைக்கிற கல் வரைக்கும் வந்துவிட்டது. கையில் சோப்பு நுரையோடு ஓடினால், என் வீட்டுக்காரர் சவரிமுத்து அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு பால் கருகறதுகூடவா தெரியல? மூக்கக் கழட்டி வெச்சுட்டீங்களா?"

"சளி ஸ்டெல்லா. தூசி அடைச்சிருக்கு" என்றார்.

எங்கள் மலையூர் வாழவந்தியில் முப்பது வருஷமாகத் தச்சு வேலை பார்த்தவர். இழைக்கும்போது விழுகிற சீவலை மூக்கில் வைத்துப் பார்த்தே இது பலா, இது சில்வர் ஓக் என்று சொல்லிவிடுவார். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டரே ஆளனுப்பிக் கூப்பிட்டுக் கேட்பார். அந்த மூக்குக்கா பால் கருகியது தெரியவில்லை?

வலது மூக்கில் மட்டும் மூன்று மாதமாக அடைப்பு. கைக்குட்டையில் எப்போதாவது ரத்தக்கீற்று. இந்தக் குளிரில் சளி யாருக்குத்தான் இல்லை என்று நானும் தைலமரத்து இலையைக் கொதிக்கவைத்து, தினமும் போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தேன். "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பேன். "நொம்பத் தேவலை" என்பார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே, அந்த மடத்தனத்துக்கு என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். காலையில் நான் கடுங்காப்பி கொடுத்தால் அவர் முதலில் மோந்து பார்ப்பார். "வாசம் தூக்குது ஸ்டெல்லா" என்பார். அப்புறம்தான் குடிப்பார். கல்யாணமான மறுநாளிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை.

பால் கருகிய மறுநாள் அதே டம்ளரில் சுக்குக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தேன். பார்க்க இரண்டும் ஒரே கறுப்புதான். மோந்து பார்த்தார்.

"வாசம் தூக்குது ஸ்டெல்லா."

டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, அடைப்பு வருவதற்கும் முன்னாலிருந்தே, ஆறு மாதமாக எந்த வாசமும் தெரியவில்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நாள் பூரா சிடுசிடுங்கற. காலையில அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சிரிக்கற. அத எதுக்குக் கெடுக்கணும்?" என்றார். அன்றைக்கே முதல் பஸ்ஸில் சேலத்துக்குக் கிளம்பினோம். அடிவாரம் வந்து சேர்வதற்குள் துண்டு ரத்தத்தில் நனைந்துவிட்டது.

எண்டோஸ்கோப்பி (மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். பிறகு பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது).  முடிவு வந்த அன்று டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்கொளியில் காட்டினார். மூக்கை ஒட்டிய சைனஸில் (முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை) புற்றுநோய்க் கட்டி. மேலே கண், அதற்கும் மேலே மூளை.

"என்ன வேலை செய்யறீங்க?"

"தச்சு வேலைங்க."

"மரத்தூசியிலயே வருஷக்கணக்கா இருக்கறவங்களுக்கு இது வரலாம். மூக்கை மூடிக்கிட்டு வேலை செஞ்சதில்லையா?"

"மூடிக்கிட்டா மரம் தெரியாதுங்களே" என்றார் இவர். அந்த அறையில் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

அறுவைச் சிகிச்சை நடந்த அன்று மகன் ஜெரால்டும் நானும் வராண்டாவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.  ஜெபம்கூட வாயில் வரவில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்தது ஜெரால்டின் படிப்பு மேசையை. அவன் வளர வளர, அவர் அதன் காலடியில் கட்டை ஒட்டிக்கொண்டே வந்தார். நான்கு ஒட்டு. வெளியூரில் தங்கிச் செய்கிற வேலை எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் அவருக்கு. அந்த முகத்தில் எதை வெட்டுகிறார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பிழைத்துவந்தார். கதிர்வீச்சும் முடிந்தது. ஒரு வருஷம் நன்றாகவே இருந்தார். வாசம் மட்டும் திரும்பவில்லை. ஆனாலும் காலையில் மோந்து பார்ப்பார். "நீ சொல்லு, எப்படி இருக்குது?" என்பார். "வாசம் தூக்குதுங்க" என்று நான் சொல்ல, குடிப்பார். அப்புறம் கண்ணுக்குப் பின்னால் கட்டி மறுபடி வளர்ந்தது. வீட்டிலேயே, அவர் செய்த கட்டிலிலேயே போய்ச்சேர்ந்தார்.

இப்போது அவர் வேலை பார்த்த தச்சுப் பட்டறையில் ஜெரால்டு வேலை செய்கிறான். மெஷின் வந்த பிறகு தூசி இன்னும் அதிகம். முகமூடி வாங்கிக் கொடுத்தால் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறான். என்னைப்போல மரத்தூசியில் வேலை செய்கிற ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாசம் வருகிறதா என்று கேட்காதீர்கள், பிரியமுள்ளவர்கள் வருகிறது என்றுதான் சொல்வார்கள். என்ன வாசம் என்று கேளுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ இருந்தால் ஆவி பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

அதனால்தான் தினமும் காலையில் அவனைக் கண்ணை மூடச் சொல்கிறேன். ஒரு டப்பாவில் காப்பித்தூள், ஒன்றில் சுக்குப்பொடி. ஒவ்வொரு மூக்காகப் பொத்திக்கொண்டு சொல்ல வேண்டும். "உனக்குப் பைத்தியம்மா" என்பான், சரியாகவும் சொல்லிவிடுவான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வரும். வருஷம், மாதம் என்று எனக்கு இப்போது எதுவும் இல்லை. இன்று காலை, அப்புறம் நாளைக் காலை.

இன்று காலை என்ன தோன்றியதோ, கழுவிக் காயவைத்த வேறொரு காலி டப்பாவை எடுத்து நீட்டினேன்.

இடது மூக்கைப் பொத்திக்கொண்டு ஆழமாக இழுத்தான்.

"காப்பிம்மா."

அப்படியானால் நேற்றுச் சொன்னது? முந்தாநாள் சொன்னது? வழக்கமாக நீட்டுவது இரண்டே டப்பா, ஊகித்தே சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு, அவனைப் பெற்றவரைப்போலவே லேசாகச் சிரித்தபடி, நான் சரி என்று சொல்லக் காத்திருந்தான்.

"சட்டையை மாத்திக்க கண்ணு" என்றேன். "சேலத்துக்கு முதல் பஸ் வர்ற நேரமாச்சு."