உளுந்து வாங்க லாபிஸுக்கு

கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்க வேண்டுமென்றால், காளிதாஸ் முதலில் நான்கு டயரிலும் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கெலாங் பாத்தாவில் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ஒரு மளிகைக்கடை உண்டு. அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. "கூலாய் சந்தையிலதான் கட்டு பெருசு" என்பார். குடை, தண்ணீர்ப் போத்தல், முறுக்கு டின், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பை எல்லாம் காருக்குள் ஏறும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, காளிதாஸ் பக்கத்து வீட்டுக்காரர் தலையையும் சேர்த்துச் சுற்றிவிட்டுத்தான் மூக்குக்கு வருவார்.

கார், கதவு கிறீச்சிடும் பழைய சாகா. அது கேட்டைத் தாண்டியதும் உள்ளே ஓர் அரசாங்கம் அமைந்துவிடும். பிரதமர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயது மகள் ரூபினி டோல் மெந்திரி, அதாவது சுங்கச்சாவடி அமைச்சர். எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் நெடுஞ்சாலையோர மச்சாப் ஓய்விடத்தில் தேநீர் குடிக்கும்போதே பதவி பறிபோகும். சின்னவன் ஜீவன் பார்க்கிங் மெந்திரி. ஒருமுறை அவன் காட்டிய காலியிடத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஒளிந்திருந்தது. அந்த இடத்திலேயே முறுக்குத் துறைக்கு மாற்றப்பட்டான். அது அவனுக்கு வருத்தமாகத் தெரியவில்லை.

மனைவி பிரேமலா நிரந்தர எதிர்க்கட்சி. "ஒரு கட்டு மல்லிக்கு எத்தன டோல் லா? மக்கள் பணம் வீணாகுது" என்று கண்டனம் தெரிவித்துவிட்டு, சிரிப்பு தெரியாமலிருக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பனைத் தோட்டத்தைப் பார்ப்பார்.

இதெல்லாம் பொழுதுபோகாத மனிதரின் கூத்து என்று நினைத்தால் தப்பு. காளிதாஸ் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பிள்ளைகள் எழுவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், அவர்கள் படுத்த பிறகு திரும்புவார். சனிக்கிழமை ஓவர்டைம். பெற்ற பிள்ளைகள் விழித்திருக்க அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் வீட்டில் இருந்தால் ஆளுக்கோர் அறை, ஆளுக்கோர் கைபேசி. கார் அப்படியில்லை. "எங்க ஓடுவாங்க? பின் கதவுல சைல்ட் லாக் போட்டிருக்கேன்ல" என்பார் பெருமையாக.

அந்த அரசாங்கத்தைக் கவிழ்த்தது எதிர்க்கட்சி அல்ல. ரூபினி கைபேசியில் சாமான் வாங்கக் கற்றுக்கொண்டாள். மின்சார பில்லும் தண்ணீர் பில்லும் அவள் கட்டைவிரலிலேயே கட்டி முடிந்தன. அரிசி வாசலுக்கு வந்தது. லாபிஸில் அய்யாவு என்ற தையல்காரரிடம் ஜீவனின் பள்ளிச் சிலுவாருக்கு, அதாவது கால்சட்டைக்கு, கீழ்மடிப்பு அடிக்கப் போவது ஆண்டுதோறும் நடக்கும் பெரும் பயணம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இப்போது அளவெடுத்தது போன்ற சிலுவார் பையில் வந்து விழுந்தது. துவாஸில் அதே மாதிரி சாம்பல் நிறப் பைகளைத்தான் காளிதாஸ் தினமும் லாரியில் ஏற்றுகிறார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதற்கு அவருக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோயின. காளிதாஸ் காரைக் கழுவினார். காய்ந்ததும் மறுபடி கழுவினார். பிரேமலாவுக்கு முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம்தான் என்றாலும், சமையலறையில் யாரையும் கண்டிக்க வாய்ப்பில்லாமல் அவரும் கொஞ்சம் வாடித்தான் இருந்தார்.

கடைசியில் காளிதாஸ் ஒரு ஞாயிறு காலை உளுந்தைக் கையில் எடுத்தார். "டப்பா அடியில கிடக்கு. லாபிஸ்ல பேச்சியம்மாள் கடை உளுந்துதான் நல்லா பொங்கும்."

"அந்தம்மா விக்கிறதும் இதே பாக்கெட்தாங்க" என்றார் பிரேமலா.

"வேணாம்ப்பா, ஆர்டர் போட்டுட்டேன். வியாழக்கிழமை வந்துரும்." ரூபினி தலையை நிமிர்த்தவே இல்லை.

"நல்லது" என்று சொல்லிவிட்டு காளிதாஸ் வெளியே போனார்.

சற்றுநேரம் கழித்து, காரில் விட்டிருந்த கைபேசிச் சார்ஜரைத் தேடி வந்த ரூபினி, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சீட் பெல்ட் போட்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"எஞ்சின் சூடு பண்றேன்."

"எஞ்சினே ஓடலையேப்பா."

"பெட்ரோல் மிச்சம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. பின்சீட்டில் முறுக்குத் தூள் ஒட்டியிருந்ததைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சார்ஜரை எடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு காளிதாஸ் எதையும் எதிர்பார்க்காமல் கைலியோடு வாசலுக்கு வந்தார். ரூபினி செருப்பு மாட்டிக்கொண்டு, கையில் முறுக்கு டின்னோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, உளுந்து வரல. ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டான். பேச்சியம்மாள் கடைக்குத்தான் போவணும் போல."

"அதான் வியாழக்கிழமையே..." என்று சமையலறையிலிருந்து ஆரம்பித்த பிரேமலா, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இருமினார். "ஆமாங்க. டப்பா காலி. இட்லிக்குப் போட ஒண்ணுமே இல்ல." எதிர்க்கட்சி அரசாங்கத்தை ஆதரித்தது அந்த வீட்டு வரலாற்றில் அதுவே முதல் தடவை.

காளிதாஸ் உள்ளே ஓடி, போன வேகத்திலேயே சிலுவார் மாட்டிக்கொண்டு வந்தார். ஜீவன் பார்க்கிங் துறையைத் திருப்பிக் கேட்டு அதற்குள் காரில் ஏறிவிட்டிருந்தான். காலணி எடுக்கச் செருப்பலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிந்த காளிதாஸ் அப்படியே நின்றார். மூலையில் ஒரு சாம்பல் நிறப் பை. அந்தப் பையை இருட்டில் தொட்டாலும் அவருக்குத் தெரியும். ரூபினியின் பெயர் எழுதிய சீட்டுக்குக் கீழே, உளுந்து இரண்டு கிலோ என்று அச்சடித்திருந்தது.

மகள் வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காளிதாஸ் கால் கட்டைவிரலால் பையை மெதுவாக உள்ளே, இன்னும் உள்ளே தள்ளினார். அது தெரியாதபடி தன் மழைக்காலணிகளை முன்னால் நிறுத்தினார். பிறகு டயரில் காற்றுப் பார்க்கப் போனார்.