ஆபீஸுக்கு ஆட்டுக்குடல்

மயிலாப்பூரில் கறிக்கடை வைத்திருந்த மெஹபூப் அலியின் மகள் வஜீஹா எம்.எஸ்ஸி. முடித்து, அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இனி இவள் கையில் கறி வாடை அடிக்காது என்று வீடே பூரித்தது. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே கடைக்கு வந்து நின்றாள்.

"நல்ல குடலா எடுத்து வைங்க அத்தா. ஆபீஸுக்கு வேணும்."

மெஹபூப் அலி அன்று முழுக்கச் சிரித்தார்.

அது 1995. விஷயமோ சிரிப்பதற்கில்லை. குடலின் உள்தோலையும் வெளிச்சதையையும் வழித்துவிட்டால் நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய ஏடு மிஞ்சும். ஆட்டின் உயிரணு ஒன்றுகூட ஒட்டியிராமல் அதைக் கழுவி, கிழிந்த குடலில் ஒட்டுப்போட்டுத் தைத்தால், பந்தலில் கொடி ஏறுவதுபோல அடிபட்ட உடம்பே அதன்மேல் தன் சதையை வளர்த்துக்கொள்ளும். பந்தல் பிறகு கரைந்துவிடும். வெளிநாட்டில் பன்றிக்குடலில் செய்திருந்தார்கள். நமக்கு ஆடே போதும் என்று வஜீஹா சொல்ல, ஆராய்ச்சிக்கூடத் தலைவர் டாக்டர் ஸ்ரீரங்கன், வெங்காயத்தையே யோசித்துத் தின்கிற மனிதர், உடனே ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஊசி பட்டதும் ஏடு ஊறிய அப்பளமாகப் பிய்ந்தது. மாதக்கணக்கில் இதே கதைதான். கோடைக்குள் ஒன்று தேறாவிட்டால் இந்த ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான் என்று ஸ்ரீரங்கன் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா ஜமீலுன்னிசா வழக்கம்போலக் குடலில் கொதிநீரை ஊற்றினாள். குடல் சுருண்டு சிறுத்தது. வஜீஹா அப்படியே நின்றுவிட்டாள். ஆராய்ச்சிக்கூடத்திலும் முதல் வேலையாக அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். எந்தக் கட்டுரையும் வெந்நீர் என்று சொல்லவில்லை. கறிக்கடை வீட்டுக் கைக்குக் குடல் என்றால் வெந்நீர்தான், அதை யோசிக்கக்கூட இல்லை. ஏட்டை அவளே வேகவைத்துக் கெடுத்திருக்கிறாள். தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு, கொதிநீர் படாத மிச்சக் குடலை எடுத்து ஐஸ் நீரில் போட்டாள்.

"இன்னாடி, அதுக்கு ஜொரமா? ஐஸ் போட்டுக்கினு கீற," என்றாள் அம்மா.

குளிர்நீரில் கழுவிய ஏடு, இழுத்தாலும் கிழியவில்லை. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஜிம்மி லாரியில் அடிபட்டது. ஆராய்ச்சிக்கூட வாசலில் வஜீஹாவின் டிபன் பாக்ஸில் பங்கு வாங்கியே வளர்ந்த நாய். பெருங்குடலில் பெரிய கிழிசல். இழுத்துத் தைக்கச் சதையில்லை. ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்கவைத்துவிடலாம் என்றார் கால்நடை மருத்துவரான ஸ்ரீரங்கன்.

"நம்ம ஏட்டை வச்சுத் தைங்க சார்."

"தாங்கலேன்னா?"

"தாங்கும் சார்."

ஸ்ரீரங்கன் ஏட்டை வைத்துத் தைத்து முடித்தார். தையல் கசிந்தால் ஜிம்மி பிழைக்காது. அது கண் திறந்தது, கஞ்சி குடித்தது, குடல் தேறிவிட்டது என்று சொல்ல அதெல்லாம் போதாது. ஒரு காலையில் தள்ளாடி எழுந்து, வேலியோரம் போய்க் குந்தி, காரியத்தை முடித்தது. வஜீஹா போட்ட கூச்சலில் ஸ்ரீரங்கன் செருப்பில்லாமல் ஓடிவந்தார். நாய் வெளிக்குப் போனதற்கு ஜாங்கிரி கொடுத்த இடம் ஊரிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சில மாதம் கழித்து, குடலுக்குள் குழாய் விட்டு, ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். ஸ்ரீரங்கன் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"நீயே பாரும்மா. ஆட்டைக் காணோம்."

அங்கே இருந்தது முழுக்க ஜிம்மியின் சொந்தக் குடல். வஜீஹாவுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அன்று இரவு அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை. மறுநாள் கடையில் ஐஸ் வாளிக்குள் கிடந்த நல்ல குடலை ஒரு வாடிக்கைக்காரர் கேட்க, மெஹபூப் அலி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது விக்கிறதுக்கு இல்ல நைனா. எம் பொண்ணு ஆபீஸுக்கு."