அடியில் ஈரம்

சட்டியோ பானையோ, சூளைக்குள் போகும் முன் அதன் அடியைக் கன்னத்தில் ஒரு கணம் வைத்துப் பார்ப்பாள் அவள். சில்லிட்டால் உள்ளே ஈரம் நிற்கிறது, இல்லையென்றால் அடுக்கலாம். கல்யாணமாகி இந்தப் பட்டறைக்கு வந்த நாள் முதல் பதினாறு வருடப் பழக்கம். நாத்தனார் அதற்கொரு பட்டப்பெயரே வைத்துவிட்டாள்: கன்னக்காரி.

பட்டறை நாத்தனாருடையது. புருஷனுக்கு மூத்தவள், அதிகாரமும் அவளுக்குத்தான். தம்பி சக்கரத்தில் வனைவான். கன்னக்காரிக்கு மண் வேலை: ஊறிய மண்ணில் கல் பொறுக்க வேண்டும், மணல் கலந்து மிதிக்க வேண்டும், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பிசைந்து உருட்டிக் கொடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. கண் மட்டும் எதையும் விடாது.

அந்த வருடம் ஓர் ஓட்டல் வாசலுக்கு இடுப்புயரத் தாழிகள் பன்னிரண்டு கேட்டிருந்தார்கள். அவ்வளவு பெரியதைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் தூக்க முடியாது. அடிப்பாதியை வனைந்து இறுகவிட்டு, விளிம்பைக் கீறி, குழைசேறு தடவி மேல்பாதியை ஒட்டினார்கள். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிறு எடுத்தார்கள். நன்றாகவே வந்தன. காய்வதுதான் பாக்கி. அப்போது பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வரும் என்று போன் வந்தது. நாத்தனார் இரண்டு மின்விசிறிகளை இழுத்து வந்து தாழிகளுக்கு நேரே வைத்தாள். மறுநாளே எல்லாம் வெளுத்து நின்றன.

"பாத்தியாடா, எலும்பாட்டம் காஞ்சிருச்சு!"

கன்னக்காரிக்குத் தெரியும்: தாழி நிழலில் மெல்லக் காய வேண்டும். காற்றை அடித்தால் மேல்தோல் முதலில் இறுகிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இராது; தீயில் அது ஆவியாகித் தாழியையே பிளக்கும். அடுக்கும்போது கன்னத்தை வைத்தாள். முதல் தாழி சில்லென்றது. இரண்டாவதும் அப்படியே.

"அண்ணி... அடி இன்னும் குளிருது."

"மழைக்கு உன் கன்னமே குளிரும்டி. போய் ஒரு காப்பி குடி."

புருஷன் சிரித்தான். "அக்கா பாக்காத சூளையா? நீ விறகை எடு."

"ரெண்டு நாள் பொறுத்தா..."

"லாரிக்காரன்கிட்ட நீ பேசுறியா?" என்றாள் நாத்தனார். "வீட்டுக்கு வந்தவங்ககிட்டயே கதவுக்குப் பின்னால நின்னு பேசுற ஆளு!"

இன்னொரு முறை, உரக்க, சொல்லியிருக்கலாம். விறகை எடுத்தாள்.

முதல் அரை நாளாவது சிறு தீயாக, புகை மட்டும் ஏறும்படி எரிக்க வேண்டும். நாத்தனார் ஒரு மணி நேரத்திலேயே பெரிய கட்டைகளைத் தள்ளிவிட்டாள். சூளையின் தலையில் ஓட்டுச் சில்லுகளையும் வைக்கோலையும் பரப்பிச் சேறு பூசியிருந்தார்கள். அதில் ஓரிடம் விரிசல் விட்டுப் புகை கசிந்தது. சேற்றுச் சட்டியோடு புருஷன் ஏணியில் ஏறினான்.

உள்ளே 'டொப்' என்றது.

"ஒண்ணு போச்சு," என்றான் மேலிருந்து. "பரவால்ல, பதினொண்ணு இருக்கு."

மறுபடியும் 'டொப்'. ஒவ்வொரு சத்தத்துக்கும் சேற்றுப் பூச்சு லேசாக எழும்பித் தாழ்ந்ததை அவள் கீழிருந்து பார்த்தாள். நாத்தனார் தீவாயில் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. அவன் அந்தப் பூச்சின் மேலேயே முகத்தைக் கவிழ்த்து விரிசலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இறங்குங்க!"

அவள் கத்தி அவன் கேட்டதே இல்லை. திகைத்துத் திரும்பினான். அந்த நொடியில் நடுத்தாழி பூச்சைப் பிய்த்துக்கொண்டு வெடித்தது. பறந்த சில்லு முகத்தில் படவில்லை. இடது காதைக் கிழித்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரி நடையில் நாத்தனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீ கத்தலைன்னா அவன் ஏன்டி காதைக் கொடுக்கப்போறான்?"

கத்தாவிட்டால் கண் போயிருக்கும்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அவனுக்கு இடது காது கேட்பதில்லை. உயரத்தில் நின்றால் தலை சுற்றுகிறது. அதனால் சூளை எரியும்போது ஏணியில் ஏறிச் சேறு பூசுவது இப்போது அவள்தான். என்றைக்குத் தீ வைப்பது என்பதை இன்றும் நாத்தனார்தான் முடிவு செய்கிறாள்.