சண்முகத்தாயின் துணைக் கேள்வி

“ம்... பெறகு மந்திரி என்ன சொன்னாராம்?”

இலைக் கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்கிறாள் சண்முகத்தாய். எதிரே பேப்பரை விரித்துப் பிடித்தபடி நிற்பவர் சாத்தூர் பஸ்ஸுக்காக வந்த யாரோ ஒரு மிளகாய் வியாபாரி. இலை வாங்க வந்தவரா, பஸ் ஏற வந்தவரா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. எழுத்துப் படித்த முகம் என்று பட்டால் போதும், அன்றைய பேப்பரைக் கையில் திணித்துவிடுவாள். கொலை, கொள்ளை, சினிமா எதுவும் வேண்டாம். சட்டசபைப் பக்கம் மட்டும்.

“இவ்விஷயம் அரசாங்கத்தின் பரிசீலனையில் இருக்கிறது என்றார் மந்திரி” என்று வாசிக்கிறார் வியாபாரி.

“அதத்தான போன வருசமும் சொன்னாரு! துணைக் கேள்வி கேக்கலையா ஒருத்தரும்? அம்புட்டுப் பேரும் தூங்கிட்டாகளா?”

தூங்கியது தானேதான் என்பதுபோல் வியாபாரி விழிக்கிறார். நல்லவேளையாக பஸ் வந்துவிடுகிறது.

நல்லூரணியில் பஸ் நிற்கும் இடத்துக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவே, ஒரு சாக்குப் படுதாவின் நிழலில் இருக்கிறது அவளுடைய வாழையிலைக் கடை. வயது நாற்பத்தைந்து இருக்கும். எப்போதும் ஈரம் காயாத கை. இடுப்பில் இலைக் கத்தி. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சட்டசபையின் கேள்வி நேரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்!

“எளுதிக் குடுத்துக் கேக்கிறது மொதக் கேள்வி. அது சும்மா கதவத் தட்டுற மாதிரி. அவுக பதில் சொல்லி வாய மூடுமுன்ன எந்திரிச்சு மடக்குறாக பாருங்க, அதுதான் துணைக் கேள்வி. அதுலதான் உள்ள போகமுடியும்.”

பஸ் தாமதமானால், “பரிசீலனையில இருக்கு, வரும்” என்பாள். பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும் ஆளைப் பார்த்து, “என்ன, இந்தக் கேள்வி எழவில்லையோ?” என்பாள். புருஷன் கருப்பணன் வத்திராயிருப்புத் தோட்டங்களிலிருந்து வண்டியில் இலை கொண்டுவந்து இறக்குகிறவர். அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. வீட்டிலும் கேள்வி நேரம் அவளுடையதுதான் போலும்.

கல்யாண இலை வேறு, ஆஸ்பத்திரி இலை வேறு. வெந்த உடம்பில் பாய் ஒட்டும், துணி ஒட்டும். தளிர் வாழையிலை ஒன்றுதான் ஒட்டாது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது தலைதெறிக்க ஓடிவந்தால் அவள் ஊரும் பேரும் விசாரிப்பதில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்து, “எம்புட்டு ஆளு?” என்று மட்டும் கேட்பாள். ஓடிவந்தவர் தன் கையை விரித்துக் காட்டுவார். அந்த அளவுக்கு இலை போகும். அப்படிப் போன ஒவ்வொரு இலையும் அவள் மனத்தில் இருக்கிறது.

“போன தீவாளி சீசன்ல நாப்பத்தி மூணு ஆளு, தம்பி. அதுல பதினொண்ணு சின்ன இலை.”

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று அவள் மகள் ஜெயக்கொடியினுடையது. பட்டாசுக்குத் திரி செருகிக்கொண்டிருந்தபோது பற்றிய நெருப்பு, இடது கையிலிருந்து கழுத்து வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்று தனி இடம் இல்லை. பத்தொன்பது நாள் வராந்தாவில் கிடந்தாள். வருவோர் போவோர் எல்லாம் தாண்டிப் போக, தாய்க்காரி ஒரு கிழிந்த இலையால் ஈ ஓட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆறு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு வார்டு கட்ட ஆரம்பித்து, நாலு சுவரும் எழும்பி, நிதி தீர்ந்து இரண்டு வருஷமாக நிற்கிறது. கூரை இல்லை. உள்ளே ஆடுகள் படுத்து அசை போடும்.

“எம்மவ எந்திரிச்சுட்டா. அது போதாது. வார சீசனுக்குள்ள அதுக்குக் கூர ஏறணும். அந்த வராந்தாவுல இன்னொரு பிள்ள கெடக்கக் கூடாது.”

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மாணிக்கராஜ் அந்த வழியாக ஜீப்பில் போனபோது நடு ரோட்டில் நின்று மறித்தாள்.

“அண்ணாச்சி, மெட்ராசுக்குப் போயிப் பேசிட்டு வாரீகளா, இல்ல உக்காந்துட்டு வாரீகளா?”

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாணிக்கராஜும் சிரித்தார்; அவளுடைய கை அளவும் இலைக் கணக்கும் அவர் பல தடவை கேட்டதுதான். “என்ன கேக்கணும்னு சொல்லு தாயி. ஒன் வார்த்தையிலயே கேக்கேன்.”

அதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் கிராமத்தில் முதல் பி.ஏ. நான், எம்.எல்.ஏ.வுக்கு வரும் மனுக்களைப் படித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “பட்டாசு ஆபீஸ்ல வெந்தவுக எத்தன பேரு? அவுகளுக்குக் கட்டில் எப்ப?”

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடமும் ஆபீஸ், பட்டாசு செய்யும் இடமும் ஆபீஸ்தான். விடிந்தால் சோற்றுத் தூக்குப் போணியோடு ஆயிரம் பேர் ‘ஆபீஸ்’ போவார்கள். இது ரத்தத்தில் ஊறிய சொல் என்பதால், வெளியூரில் இதற்குப் பொருள் வேறு என்பது எனக்கு உறைக்கவில்லை. சட்டசபைக்குப் போகிற கேள்வியில் இங்கிலீஷ் எதற்கு என்று, நல்ல தமிழில் திருத்தினேன்: ‘நல்லூரணி வட்டாரப் பட்டாசு அலுவலகங்களில் தீக்காயம் அடைந்தோர் எத்தனை பேர்?’ மாணிக்கராஜ் அதில் கையெழுத்துப் போட்டார். கோட்டைக்குப் போய்விட்டது.

பங்குனியில் கேள்வி பட்டியலில் ஏறியது. அவளுக்கும் எனக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. சாத்தூரில் ரயில் ஏறியதிலிருந்து எழும்பூர் வரை சண்முகத்தாய் கண்ணை மூடவில்லை. பார்வையாளர் மாடத்தில் காவலர் ஒருவர் வந்து, பேசக்கூடாது, கை தட்டக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

“கேக்க வந்த எடத்துல வாயத் தொறக்கக் கூடாதாமுல்ல!” என்று என் காதில் முணுமுணுத்தாள்.

எங்கள் கேள்வியின் எண்ணைச் சபாநாயகர் அழைத்தார். மந்திரி எழுந்தார். தாளைப் பார்த்து வாசித்தார்.

“அப்பகுதியில் பட்டாசு அலுவலகம் என்று அரசாங்கத்தில் எதுவும் கிடையாது. ஆகவே அங்கே தீக்காயம் அடைந்தோர் எவருமில்லை. கட்டில் பற்றிய கேள்வி எழவில்லை.”

சபையில் சிரிப்பு. மாணிக்கராஜ் எழுந்து கையிலிருந்த தாளைப் புரட்டினார். சண்முகத்தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னய்யா சொல்றாக? ஆபீஸே இல்லையாமா? தெனம் காலையில சங்கு ஊதுதே, அது எங்கன ஊதுது?”

நான் செய்த திருத்தத்தைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. அதற்கு நேரம் ஏது! கீழே சபாநாயகர், “அடுத்த கேள்வி” என்று ஆரம்பித்தார். வழி தெரியாமல் மாணிக்கராஜ் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார். சண்முகத்தாய் விருட்டென்று எழுந்தாள். வாய் திறக்கவில்லை. கடையில் ஓடிவருகிறவர்களிடம் காட்டுவாளே, அதேபோல் இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

காவலர் பாய்ந்து வந்தார். அதற்குள் கீழே மாணிக்கராஜின் குரல் ஓங்கிவிட்டது.

“சபாநாயகர் அவர்களே! ஒரு துணைக் கேள்வி!”

சபாநாயகர் தலையசைத்தார்.

“தீக்காயம் பட்டவர் எவருமில்லை என்கிறார் அமைச்சர். நல்லூரணி சர்க்கார் ஆஸ்பத்திரி போன சீசன் முழுவதும் வாழையிலை வாங்கியிருக்கிறது. அந்த இலைகளில் யாரைக் கிடத்தினார்கள்? இல்லை, டாக்டர்கள் தினமும் பந்தி போட்டு விருந்து சாப்பிட்டார்களா?”

சபை அதிர்ந்தது. “பாயசம் உண்டா?” என்று பின் வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் கத்தினார். மந்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாணிக்கராஜ் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் தொழிற்சாலை என்றார். இலை நாற்பத்து மூன்று என்றார். அதில் பதினொன்று குழந்தை அளவு என்றார். சிரிப்பு நின்றது. கூரை இல்லாத நாலு சுவரைப் பற்றியும் சொல்லி முடித்தார்.

இதற்குள் காவலர் சண்முகத்தாயைப் படிக்கட்டு வரை கொண்டுபோய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் முழங்கையைப் பிடித்தபடியே அவரும் கதவிடுக்கில் காதை வைத்து நிற்கிறார்! உள்ளே மந்திரியின் குரல். தொடர்ந்து மேஜைகள் தடதடவென்று தட்டப்படும் ஓசை.

“யய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்ன சொன்னாரு? பரிசீலனைன்னாரா?”

“இல்லம்மா. பணம் இந்த மாசமே ஒதுக்குறாங்களாம். ஐப்பசிக்கு முன்னாடி கூரை போட்டுருவோம்னாரு.”

“மாசம் சொன்னாரா? வாய் தொறந்து மாசம் சொன்னாரா?” காவலரின் இரண்டு கைகளையும் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினாள். “ஏலே பி.ஏ.! இனிமே நான் ஆபீஸ்னு சொன்னா ஆபீஸ்னே எளுது.”

ஆவணியில் கூரை ஏறியது. சிவப்பு ஓடு. திறப்பு விழாவன்று ஆஸ்பத்திரி வாசலில் தோரணம், நாதஸ்வரம், மாணிக்கராஜுக்கு மாலை, எல்லாம் தயார். சண்முகத்தாயை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு ஜெயக்கொடியோடு பின்பக்கம் போனேன். புது வார்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தால், வெள்ளை விரித்த ஆறு கட்டில்களில் முதல் கட்டிலில் அவள் கால் நீட்டி மல்லாந்து படுத்து, மேலே சிவப்பு ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா! எந்திரி, ஆளுக வாராக. எம்.எல்.ஏ. வந்துட்டாரு!” என்று பதறினாள் ஜெயக்கொடி. தழும்பேறிய இடது கையால் தாயைப் பிடித்து இழுத்தாள்.

சண்முகத்தாய் எழுந்திருக்கவில்லை. சுவரோரமாக நகர்ந்து படுத்து, பக்கத்தில் மகளுக்கென்று காலியான இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.