இடது புருவத்து முடி

காலை பதினொன்றே கால் இருக்கும். தங்கை நுண்ணோக்கியில் குனிந்திருந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. அண்ணி.

"உங்க அண்ணன் போயிட்டாரும்மா."

தங்கையின் கை முதலில் போனது நுண்ணோக்கியின் விளக்கை அணைக்கத்தான். சூடு பட்டால் கிண்ணத்தில் இருந்தவை தாங்காது.

கிண்ணம் அண்ணனுடையது. ஆய்வுக்கூடத்தில் தவளைகளுக்குத் தீனி போட வந்தவர், தவளைக் கருவை வெட்டுவதில் கைதேர்ந்தவராகிவிட்டார். கடுகளவு கரு. அதன் உச்சியைத் தொப்பி கழற்றுவது போலக் கழற்றி எடுக்க வேண்டும். கத்தி அவருடைய இடது புருவத்து முடி! கண்ணாடிக் குழாயின் நுனியில் செருகி மெழுகு வைத்தால் அதைவிட நயமான கத்தி கிடையாது. ஒருமுறை, புருவத்துக்கு ஓய்வு கொடுக்கலாமே என்று மீசை முடியைப் போட்டுப் பார்த்தார். அன்று வெட்டியதெல்லாம் கூழ். "மீசை முரட்டுப் பய," என்று சொல்லிப் புருவத்துக்கே திரும்பிவிட்டார்.

அந்தத் தொப்பியைச் சும்மா உப்புத் தண்ணீரில் விட்டால் தோலாகிவிடும். முழுக் கருவில் அடியில் இருக்கும் செல்கள் ஒரு புரதத்தைக் கசியவிட்டு, மேலே இருப்பவற்றுக்குச் சேதி சொல்லும். அப்படியொரு புரதத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கலந்தால் தோலுக்குப் பதில் தசை; கூட்டினால் முதுகுத்தண்டின் ஆரம்பம்; இன்னும் கூட்டினால், சிலவற்றில் மட்டும், துடிக்கிற இதயத் திசு.

வீட்டில் சோற்றில் கை வைக்கும்போதும் இதே பேச்சுதான். "யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா தோலு. சொன்னா சதை. எவ்வளவு சொல்றோம்ங்கிறதுலதான் இருக்கு எல்லாம்."

"நானும்தான் இத்தனை வருஷமா சொல்றேன். உங்ககிட்ட ஒண்ணும் மாறக் காணோமே," என்பாள் அண்ணி. "ஒத்தப் புருவத்தோட கல்யாண வீட்டுக்கு மட்டும் என்கூட வந்துடாதீங்க."

வெட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. கிண்ணம் அடுத்த அறைக்கு, தங்கையிடம் போய்விடும். அது துடிக்கும் நேரத்தில் அவர் மேசையில் புதுக் கருக்கள் காத்திருக்கும். இத்தனை வெட்டியும் ஒரு துடிப்பைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இந்த முறைதான், "ஒண்ணை எனக்குன்னு வை. துடிச்சா கூப்பிடு," என்றார். மறுநாளே மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தங்கை பார்க்கப் போனபோது, மூக்கில் குழாயோடு ஒரே கேள்வி.

"துடிச்சுதா?"

"இன்னும் இல்லண்ணா. எல்லாம் கம்முனு கிடக்கு."

"என்னை மாதிரியே சோம்பேறிங்க. துடிச்சா போன்ல படம் புடிச்சுட்டு வா."

அடக்கம் முடிந்த மறுநாள் தங்கை ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

"அந்தக் கிண்ணத்தைக் கொட்டிடலாமாம்மா?" பேராசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு தடவை பாத்துடுறேன் மேடம்."

விளக்கைப் போட்டாள். வெட்டிய துண்டுகள் உருண்டு திரண்டு அசையாமல் கிடந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் சுருங்கியது. விரிந்தது. மறுபடியும் சுருங்கியது. தலையில்லை, வாலில்லை, தவளையே இல்லை. தோலாகப் போயிருக்க வேண்டிய துண்டு, கேட்ட சேதிக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

போனை நுண்ணோக்கியின் கண்ணருகே பிடித்துப் படம் எடுத்தாள். அனுப்பப் போன விரல் பழக்கத்தில் அண்ணன் எண்ணிலேயே போய் நின்றது. பிறகு அண்ணிக்கு அனுப்பினாள்.

பதில் வந்தது: "இதுக்குத்தானா அத்தனை புருவமும்?"

அண்ணன் மேசையில் புதிதாக ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. நுனியில் தங்கையின் இடது புருவத்து முடி செருகியாகிவிட்டது. மெழுகு இன்னும் வைக்கவில்லை.