ருசி பார்த்தது கணக்கில் வரவில்லை

தரங்கம்பாடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரோஹிணிக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். கருவாடு விற்கும் நீலாயதாட்சி மாதாமாதம் பிரஷர் பார்க்க வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாத்திரை தவறுவதில்லை, குழம்பில் உப்பும் பாதிதான் என்கிறாள். பிரஷர் மட்டும் இறங்கியபாடில்லை. "பொய் சொல்றீங்க" என்று போன மாதம் ரோஹிணி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

இன்று பிரஷர் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது வரும்வரை சும்மா இருக்க முடியாமல், "வியாபாரம் எப்படிங்க போகுது?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

நீலாயதாட்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கிட்ட வாங்குனவங்க குறை சொன்னதே இல்லம்மா. கூடைக்கு ஒரு துண்டு பிச்சு வாயில போட்டு, உப்பு சரியா ஏறியிருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

ரோஹிணி நாற்காலியை இழுத்துப்போட்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்புறம் துப்பிடுவீங்களா?"

"நல்ல கருவாட்ட யாராச்சும் துப்புவாங்களா?"

"ஒரு நாளைக்கு எத்தனை கூடைங்க?"

நீலாயதாட்சி விரல் விட்டு எண்ணினாள். இரண்டு கையும் போதவில்லை.

"இத்தனை உப்பு உள்ள போகுதே, ஏங்க சொல்லல?"

"அது வியாபாரம்மா. சாப்பாட்டுல சேருமா?"

அந்த நேரம் ரோஹிணிக்குப் பிரஷர் பார்த்திருந்தால் எகிறியிருக்கும். பேட்டரி வந்துவிட்டது என்று யாரோ நீட்டினார்கள். மேசைமேல் வைக்கச் சொன்னாள்.

"இனிமே ருசி பாத்துட்டுத் துப்பிட்டு, வாயக் கொப்பளிச்சுடுங்க. அடுத்த மாசம் பாருங்க, எப்படி இறங்குதுன்னு."

"போன மாசமே இத சொல்லியிருக்கலாமேம்மா."

"போன மாசம் நான் உங்கள எங்க பேச விட்டேன்" என்றாள் ரோஹிணி.